நீலக் குச்சியில் ரோஸ் பூ

ஒரு மலைச் சோலையில் ஈட்டியப்பன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. முள்ளம்பன்றி என்றால் என்ன செய்யும்? கிழங்கைத் தோண்டும், வேரைக் கடிக்கும், தோட்டக்காரர்களிடம் வசவு வாங்கும். ஈட்டியப்பன் அந்த ரகம் இல்லை. அதுவே ஒரு தோட்டக்காரர்!

எல்லாம் ஒரு குச்சியால் வந்தது. சோலைக்கு மேலே ஒரு பங்களா. அங்கே செடிகளைக் கவாத்து செய்து, வெட்டிய கிளைகளை வேலிக்கு வெளியே வீசுவார்கள். அப்படி வீசிய குச்சி ஒன்று, ஒரு மழைக்காலத்தில் உருண்டு வந்து ஈட்டியப்பனின் வளைக்கு முன்னால் கிடந்தது. ஈட்டியப்பன் அதைக் கடித்துப் பார்த்தது. ஒரே கசப்பு! 'தூ' என்று துப்பிவிட்டு ஈர மண்ணில் குத்தி வைத்தது. ஏன் குத்தி வைத்தது என்று கேட்காதீர்கள், கை சும்மா இருக்காத பிறவி அது.

பத்து நாளில் குச்சி துளிர்த்தது. இரண்டாம் வருஷக் கோடையில் பூத்தது பாருங்கள், ஒவ்வொரு கொத்தும் பூசணிப் பிஞ்சு அளவுக்கு! அத்தனையும் நல்ல நீலம். பங்களாக்காரர்கள் அதை ஹைட்ரேஞ்சியா என்பார்கள். ஈட்டியப்பன் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. "கொத்துப்பூ" என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஈட்டியப்பனுக்கு வேறு நினைப்பே கிடையாது. கொத்துப்பூச் செடிக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். வெயில் ஏறினால் இலையெல்லாம் துவண்டு தொங்கிவிடும். தண்ணீர் காட்டினால் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஈட்டியப்பன் ஒரு சுரைக்குடுக்கையை வாயில் கவ்விக்கொண்டு ஊற்றுக்கும் வளைக்கும் நடையாக நடந்தது. ஒரு நாளைக்குப் பத்து நடை, பன்னிரண்டு நடை!

அதன் மனைவி வேலம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"போன மாசம் எனக்குக் கால் சுளுக்கிக்கிச்சு. ஒரு வாய் தண்ணி கொண்டுவந்து குடுத்தீங்களா? அந்தச் செடி தலையைத் தொங்கப்போட்டா மட்டும் விழுந்தடிச்சு ஓடுறீங்க!"

"உனக்குத் தாகம்னா வாயைத் திறந்து கேட்டுடுவே. அதுக்கு வாய் இல்லையே, வேலம்மா!"

"ஆமா ஆமா, எனக்கு வாய் இருக்கிறதுதான் குத்தம்!" என்றது வேலம்மா. ஆனாலும் பூத்த பிறகு அதுவும் தினம் காலையில் வந்து பார்க்கும். வாசனை இல்லையே என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுப் போகும்.

ஊற்றுக்குப் போகிற வழியில் பழைய வீடு ஒன்று இடிந்து கிடந்தது. சுண்ணாம்புக் காரை பூசிய சுவர்கள் சரிந்து ஒரே கல்லும் காரையுமாகக் குவிந்திருந்தன. அந்தக் குவியலுக்குள் ஒரு பொந்து. பொந்துக்குள் வடிவு என்ற முயல் குடியிருந்தது.

வடிவுக்கு வேறு போக்கிடம் இல்லை. மேலே தேயிலைத் தோட்டம், அங்கே நாய்கள். கீழே செங்குத்துப் பள்ளம். இந்தப் பக்கத்தில் சாந்தப்பன் என்ற நரி. பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! வடிவை எப்போது பிடிக்கலாம் என்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியும். ஆனால் கிட்டே வர முடியாது. ஈட்டியப்பன்தான் ஒரு நாளைக்குப் பத்து தடவை அந்த வழியாகத் தண்ணீர் எடுக்கப் போகிறதே! முள்ளெல்லாம் 'சலசல' என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், சாந்தப்பன் வாலைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் வடிவு தினமும் நிம்மதியாகத் தூங்கியது.

ஒரு நாள் வடிவு கேட்டது. "அண்ணே, உங்க கொத்துப்பூவுல எனக்கும் ஒரு குச்சி குடுப்பீங்களா? என் பொந்து வாசல் மொட்டையா கிடக்கு. செடி வளர்ந்தா அழகாவும் இருக்கும், வாசலையும் மறைச்சுக்கும்."

ஈட்டியப்பன் வேறு யாருக்கும் அதுவரை குச்சி கொடுத்ததில்லை. ஆனால் வடிவு தினமும் அன்பாகப் பேசுகிற பிள்ளை. "உனக்கு இல்லாததா!" என்று மூன்று கணு உள்ள நல்ல குச்சியாகப் பார்த்து ஒடித்துக் கொடுத்தது. "ரெண்டு கணு மண்ணுக்குள்ள இருக்கணும். ஒரு கணு வெளியே. தலைகீழா நட்டுடாதே! இலையைக் கடிச்சுப் பார்க்காதே, வயித்தைக் கலக்கும்!"

"சரிங்கண்ணே!" என்றது வடிவு. ஆனாலும் ஒரு இலையைக் கடித்துப் பார்த்தது. இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. அது வேறு கதை.

அந்தச் சோலையில் ஒரு வழக்கம் இருந்தது. யாரிடம் குச்சி வாங்கினாயோ அவரை அழைத்துத்தான் முதல் பூவைக் காட்ட வேண்டும். அவர் பார்த்து, 'இது என் செடிதான்' என்று வாயாரச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் வேறு யாரும் பூவைப் பார்க்கக் கூடாது. செடியை வளர்த்தவர்கூடப் பார்க்கக் கூடாது!

வடிவு இந்த மாதிரி விஷயத்தில் ரொம்பக் கறார். இரண்டாம் வருஷம் செடி மொட்டு வைத்ததும் மொட்டுகளைப் பெரணி இலை போட்டு மூடிவிட்டது. தண்ணீர் ஊற்றும்போதுகூடக் கண்ணை இறுக மூடிக்கொண்டது. பூ நன்றாக விரிந்திருக்கும் என்று தோன்றிய நாளில் ஈட்டியப்பன் வளைக்கு ஓடிப்போய், "அண்ணே, நாளைக்குக் காலையில முதல் பூ பார்க்க வாங்க! அண்ணியையும் கூட்டிட்டு வாங்க!" என்று அழைத்துவிட்டு வந்தது.

ஈட்டியப்பனுக்கு இரவெல்லாம் சந்தோஷம். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு முதல் முதலாகப் போகிற தகப்பன் மாதிரி விடியும் முன்பே முள்ளையெல்லாம் சீவிவிட்டுக்கொண்டு கிளம்பியது. வேலம்மா பின்னாலேயே வந்தது.

வடிவு பெரணி இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தது. கடைசி இலையையும் எடுத்தது.

பூ ரோஸ் நிறத்தில் இருந்தது!

நீலமா? துளிகூட இல்லை. நல்ல பளீர் ரோஸ். பார்க்க அழகுதான். ஆனால் ஈட்டியப்பன் அழகைப் பார்க்கிற நிலைமையிலா இருந்தது?

"என்ன வடிவு இது?"

வடிவுக்கும் ஒன்றும் புரியவில்லை. அதுவும் இப்போதுதானே பூவைப் பார்க்கிறது! திருதிருவென்று விழித்தது. "அண்ணே... நீங்க குடுத்த குச்சிதான் அண்ணே..."

"நான் குடுத்தது நீலம்!"

"ஆமா அண்ணே. ஆனா இது... எனக்கே தெரியல அண்ணே."

ஈட்டியப்பன் 'இது என் செடிதான்' என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தது. வேலம்மா மட்டும் நின்று, "நல்லாத்தான்மா இருக்கு பூ," என்று முனகிவிட்டுப் பின்னால் ஓடியது. வடிவு அப்படியே நின்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இதையெல்லாம் ஒரு புதருக்குப் பின்னால் இருந்து சாந்தப்பன் பார்த்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் ஈட்டியப்பன் ஊற்றில் குடுக்கையை முக்கும்போது எதிர்க்கரையில் வந்து உட்கார்ந்தது. கிட்டே வருமா? முள் மேல் அவ்வளவு மரியாதை!

"ஐயா, வணக்கம். முகம் ஏன் வாட்டமா இருக்கு?"

"ஒண்ணுமில்லே. உன் வேலையைப் பார்!"

"நான் யார் ஐயா இதுல தலையிட? ஆனா மனசு கேட்கல. உங்க குச்சியை அந்த முயல் என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியும். காய விட்டுடுச்சு! அப்புறம் உங்க முகத்துல முழிக்கிறது எப்படின்னு பயந்துக்கிட்டு, பங்களா வேலியோரம் போய் வேற ஒரு குச்சியைத் தூக்கிட்டு வந்து நட்டுடுச்சு. அங்கே ரோஸ் பூ இருக்குதே, நீங்க பார்த்ததில்லையா?"

பங்களாவில் ரோஸ் பூவும் இருந்தது உண்மைதான். மற்றதெல்லாம் சாந்தப்பன் வாயில் அப்போதே முளைத்த புளுகு. நாலு பொய்யை ஒரு உண்மையோடு சேர்த்துப் பிசைந்து கொடுப்பதில் அது பெரிய கெட்டிக்காரன்.

ஈட்டியப்பன் குடுக்கையைக் கீழே வைத்தது. "நீ பார்த்தியா?"

"இந்தக் கண்ணால பார்த்தேன்! அது சரி, இன்னிக்குக் காலையில அது முழிச்ச முழியை நீங்க பார்க்கலையா? குத்தம் செய்யாதவங்க அப்படி முழிப்பாங்களா?"

ஈட்டியப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த முழி நினைவுக்கு வந்தது.

"ஒண்ணு பண்ணுங்க ஐயா," என்றது சாந்தப்பன் குழைந்து. "அந்தச் செடியைத் தோண்டிட்டு வந்து உங்க செடிக்குப் பக்கத்துலயே நட்டு வைங்க. அடுத்த கோடையில ரெண்டும் பூக்கும். இது நீலம், அது ரோஸ். சோலை முழுக்க வந்து பார்க்கட்டும், வடிவோட வண்டவாளம் தெரியட்டும்! அதுவரைக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்காதீங்க. உங்களுக்குன்னு ஒரு மானம் இருக்கு இல்லையா? ஊத்துக்கு மேட்டு வழி ஒண்ணு இருக்கே."

எவ்வளவு அக்கறை பார்த்தீர்களா! செடி போனால் பொந்து வாசல் திறந்து கிடக்கும். ஈட்டியப்பன் வழி மாறினால் முள் சத்தம் கேட்காது. ஒரே பேச்சில் இரண்டு வேலை முடிந்தது.

ஈட்டியப்பன் அன்று சாயங்காலமே போய் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

"என் பேரைச் சொல்லி ஊரான் செடியை வளர்க்க வேண்டாம். ரெண்டையும் பக்கத்துல வச்சுச் சோலைக்கே காட்டுறேன்!"

"சத்தியமா இது உங்க குச்சிதான் அண்ணே! இந்தச் செடி போனா என் வாசல் திறந்து கிடக்கும். அந்த நரி..."

நரி என்றதும் ஈட்டியப்பன் கை ஒரு நிமிஷம் நின்றது. அது கொடிய மனசுக்காரன் இல்லை. ஆனால் கோபம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும் ஜாதி. "அதை நீ பொய் சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்!" என்று சொல்லிவிட்டு, வேரோடு மண்ணோடு செடியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வீட்டில் வேலம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. "வடிவு பொய் சொல்லும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"சாந்தப்பன் கண்ணால பார்த்திருக்கான்."

"நரி சொல்லிச்சா! முயலைப் பத்தி நரிகிட்டயா விசாரிச்சீங்க?"

"செடி விஷயத்துல நீ வாயைத் திறக்காதே. உனக்கு என்ன தெரியும்?"

வேலம்மாவுக்குச் செடியைப் பற்றித் தெரியாதுதான். அதனால் வாயை மூடிக்கொண்டது. அன்று மூடாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்!

ஈட்டியப்பன் செடியைத் தன் செடிக்குப் பக்கத்தில் நட்டது. பூத்திருந்த கொத்துகளை வெட்டி எறிந்தது. மறுநாள் முதல் மேட்டு வழியாகத் தண்ணீருக்குப் போனது. வழி நெடுகப் பாறை. இரண்டு மடங்கு தூரம். மூச்சு இரைத்தது. நடை பத்து என்பது ஐந்தாகக் குறைந்தது.

இடம் மாறிய செடி துவண்டு தொங்கியது. 'பொய்க்காரி செடிக்கு நான் ஏன் தண்ணி ஊத்தணும்?' என்று ஈட்டியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கால் நாழிகைகூடத் தாங்கவில்லை. திரும்பி வந்து, "சனியனே, குடிச்சுத் தொலை!" என்று திட்டிக்கொண்டே குடுக்கையைக் கவிழ்த்தது. அந்த வருஷம் முழுக்க அப்படித்தான், ஒரு வசவு, ஒரு குடுக்கை தண்ணீர். வேலம்மா இதைப் பார்த்து வாய்க்குள்ளேயே சிரித்துக்கொள்ளும்.

அங்கே வடிவின் பாடு என்ன ஆயிற்று?

மூன்றாம் நாளே சாந்தப்பன் பொந்து வாசலில் வந்து உட்கார்ந்தது. "வடிவு, சௌக்கியமா? காத்தாட வெளியே வாயேன்!"

வடிவு மூச்சுக் காட்டவில்லை.

பொந்து வாய் சிறியது, நரி நுழைய முடியாது. அதனால் சாந்தப்பன் தோண்ட ஆரம்பித்தது. கல்லும் சுண்ணாம்புக் காரையும் லேசில் அசையுமா? இரண்டு கல்லைப் பெயர்ப்பதற்குள் சுண்ணாம்பு பட்டுப் பாதம் பொத்துப்போகும். ஊதிக்கொண்டே போய்ப் பத்து நாள் படுத்திருக்கும். ஆறியதும் மறுபடியும் வரும். மழை வந்தால் வராது, மழை விட்டால் வந்துவிடும். அவசரமே இல்லை அதற்கு. யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

வடிவு புல் மேய வெளியே வருவது உச்சி வெயிலில் மட்டும்தான். அப்போது மேலே தேயிலை பறிக்கிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்கும், நரி வராது. கிடைத்த புல்லை வாரிப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிடும். ஈட்டியப்பன் இந்தப் பக்கம் வராதா என்று தினமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். ஊற்றில் குடுக்கை முக்குகிற சத்தம் தூரத்தில் கேட்கும். முள் சத்தம் மட்டும் மேட்டு வழியில் ஏறி மறைந்துவிடும்.

ஐப்பசி மழை போனது. மார்கழியில் உறைபனி விழுந்தது. கொத்துப்பூச் செடி இரண்டும் இலை உதிர்த்து வெறும் குச்சியாக நின்றன. மாசியில் துளிர்த்தன. சித்திரை பிறந்ததும் இரண்டிலும் மொட்டு வந்தது. முதலில் பச்சை, அப்புறம் வெளிர் மஞ்சள். கொத்துப்பூ நிறம் காட்டுவதற்கு முன்னால் அப்படித்தான் போக்குக் காட்டும்.

"பார் வேலம்மா, இன்னும் நாலே நாள்! ரோஸ் பூக்கட்டும், சோலையையே கூப்பிடுறேன்!" என்று ஈட்டியப்பன் குதித்தது.

நாலாம் நாள் சாயங்காலம் அது செடியின் முன்னால் போய் நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டது. மறுபடியும் பார்த்தது.

"வேலம்மா! இங்க வா! சீக்கிரம் வா!"

வேலம்மா வந்தது. இரண்டு செடியும் கிளையோடு கிளை பின்னிக்கொண்டு நின்றன. கொத்துக் கொத்தாகப் பூ. அத்தனையும் நீலம்! இந்தச் செடியில் ஒரு ரோஸ் இல்லை, அந்தச் செடியிலும் ஒரு ரோஸ் இல்லை.

வேலம்மா இரண்டு செடியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு கேட்டது: "இதுல எது உங்க செடி, எது வடிவு செடி?"

நட்ட இடத்தை வைத்து ஈட்டியப்பனால் சொல்ல முடியும். உற்றுப் பார்த்தால் போன வருஷம் கொத்தை வெட்டின அடையாளமும் தெரியும். ஆனால் பூவை வைத்துச் சொல்ல முடியவே முடியாது.

அது உட்கார்ந்துவிட்டது. வேர்ப்பக்கத்து மண்ணை ஒரு வாய் எடுத்துச் சப்பியது. இலை மக்கிய கறுப்பு மண், நாக்கில் புளித்தது. 'அங்கே செடியைத் தோண்டும்போது வாயில் பட்ட மண் எப்படி இருந்தது?' என்று யோசித்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரி நாக்கில் சுரீர் என்று எரிந்ததே! அன்றைக்கு இருந்த கோபத்தில் அதைத் துப்பிவிட்டு மறந்துவிட்டது.

"மண்ணுதான் வேலம்மா! புளிச்ச மண்ணுல நீலம் பூக்குது. சுண்ணாம்பு மண்ணுல ரோஸ் பூக்குது. என் குச்சியேதான்! அது பொய் சொல்லல!" அது இடிந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. "ஒரு வருஷமா நான் அந்த வழியே போகல, வேலம்மா. ஒரு வருஷமா!"

"உட்கார்ந்து என்கிட்ட சொன்னா ஆச்சா? ஓடுங்க!"

ஈட்டியப்பன் ஓடியது. குடுக்கையைக்கூட எடுக்கவில்லை. தூரத்திலேயே கல் புரள்கிற சத்தம் கேட்டது.

சுவர்க் குவியலில் பெரிய பள்ளம் விழுந்திருந்தது. சாந்தப்பனின் தலையும் முன்னங்கால்களும் பொந்துக்குள் இருந்தன. பின்பக்கமும் வாலும் மட்டும் வெளியே தெரிந்தன. "இன்னும் ஒரே கல்லுதான் வடிவு!" என்று உள்ளே பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருந்தது. "எவ்வளவு நாள் என்னைக் காக்க வச்சுட்டே!"

முள்ளம்பன்றி எதிரே பாய்ந்து சண்டை போடாது. முதுகைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே போய் இடிக்கும். ஈட்டியப்பன் முள் அத்தனையையும் சிலிர்த்துக்கொண்டு, திரும்பி, பின்னங்காலை உந்தி இடித்தது பாருங்கள் ஒரு இடி!

"ஐயோ! அம்மா!"

சாந்தப்பன் தலையை வெளியே இழுப்பதற்குள் இன்னொரு இடி விழுந்தது.

"ஐயா! ஐயா! நான் உங்களுக்கு உதவிதானே செஞ்சேன்!"

"செஞ்சே! அதுக்குத்தான் இதைக் குடுக்கிறேன்!" என்று மூன்றாவதும் கொடுத்தது ஈட்டியப்பன்.

பின்பக்கத்தில் பதினோரு முள்ளோடு சாந்தப்பன் பள்ளத்தை நோக்கி ஓடியது. அதற்குப் பிறகு அந்தச் சோலையில் அதை யாரும் பார்க்கவில்லை. வேறு மலையில் ஒரு நரி எப்போதும் நின்றுகொண்டே இருந்ததாகவும், உட்காரச் சொன்னால் கோபித்துக்கொண்டதாகவும் கேள்வி.

ஈட்டியப்பன் பொந்து வாசலில் குனிந்தது. உள்ளே ஒரே இருட்டு. "வடிவு! நான்தான். அவன் போயிட்டான். வெளியே வா."

உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"நீங்க ஏன் வந்தீங்க?"

"பூ நீலமா பூத்திருக்கு, வடிவு! உன் செடியிலயும் நீலம். நான் குடுத்த குச்சியேதான். நீ சொன்னது நிஜம். எல்லாம் மண்ணு பண்ண வேலை. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது!"

வடிவு மெதுவாக வெளியே வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. இரண்டு காதும் விறைத்துத் தூக்கியபடி நின்றன. ஒரு வருஷமாக அவை இறங்கவே இல்லை.

"அப்போ அது ரோஸாவே பூத்திருந்தா, இன்னிக்கு வந்திருக்க மாட்டீங்க. இல்லையா அண்ணே?"

ஈட்டியப்பனின் முதுகில் சிலிர்த்து நின்ற முள்ளெல்லாம் ஒவ்வொன்றாகப் படிந்தன.

"வந்திருக்க மாட்டேன்," என்றது கடைசியில். "உன்னை நான் நம்பல. பூவைத்தான் நம்பினேன். எனக்கு வெட்கமா இருக்கு வடிவு. என்னை மன்னிச்சுடு. செடியை நாளைக்கே இங்கே கொண்டுவந்து நட்டுடறேன். ரெண்டு செடியையும் வேணும்னாலும் எடுத்துக்கோ!"

வடிவு தலையை ஆட்டியது. "செடி இப்ப வேண்டாம் அண்ணே. பேசவும் எனக்குத் தெம்பில்லை. நீங்க தண்ணி எடுக்க மட்டும் இந்த வழியாப் போங்க. அந்தச் சத்தம் கேட்டாப் போதும். எனக்குத் தூக்கம் வருது."

வடிவு உள்ளே போனதும் ஈட்டியப்பன் முதலில் பெயர்ந்து கிடந்த கற்களை எடுத்துப் பொந்து வாசலைச் சுற்றி அடுக்கியது. பிறகு ஊற்றுக்குப் போனது. குடுக்கையைத்தான் எடுத்து வரவில்லையே! இருந்தாலும் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. முள்ளையெல்லாம் வேண்டுமென்றே உதறி உதறிச் சத்தம் போட்டுக்கொண்டு, வெளிச்சம் மங்கும்வரை அந்த வழியில் வெறும் வாயோடு நடந்துகொண்டே இருந்தது. நாலாவது நடையில் பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. வடிவு தூங்கிக்கொண்டிருந்தது. காது இரண்டும் முதுகில் படிந்து கிடந்தன.

நண்பரின் சொல்லை நம்புவதற்குப் பூவைச் சாட்சிக்கு அழைக்கிறவருக்குச் செடி வளர்க்கத் தெரிந்திருக்கலாம், நட்பை வளர்க்கத் தெரியாது.